புயலின் பலம் எங்கிருந்து வருகிறது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காள விரிகுடாவில் தோன்றும் புயல்களால் சோழமண்டலக் கரையை அடுத்த ஜில்லாக்களின் விவசாயத்துக்கு நேரும் சேதம் யாவரும் அறிந்ததே. 2011-ம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே என்னும் புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா என்னும் புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடி முதலிய இடங்களில் தகப்பனும் பாட்டனும் வைத்துப்போன தென்னந்தோப்புகளைச் சில மணி நேரத்தில் அழித்துவிட்டது. நெட்டைத் தென்னை நட்டுப் பலன் காண ஆறேழு வருஷம் செல்லுமாதலால், அவ்வோர் இரவின் நஷ்டம் அநேக குடும்பங்களுக்குப் பல வருஷத்து ஜீவனத்தின் நஷ்டமாயிற்று.

இவ்வளவு பலம் வெறுங் காற்றுக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலோர் ஆராய்வதில்லை. காற்று வலுத்தால் புயல் வந்தது, காற்று ஓய்ந்தால் புயல் போயிற்று என்று எண்ணிவிடுவதே வழக்கம். இவ்வெண்ணத்தால் உயிருக்கும் பயிருக்கும் ஆபத்து நேர்ந்த சந்தர்ப்பங்கள் பல. புயலின் பலம் கடல் நீரின் உஷ்ணத்தில் பிறப்பது. அவ்வுஷ்ணம் கடலை விட்டு ஆகாயத்துக்குச் செல்லும் வழியையும், அங்கே அது காற்றாகவும் மழையாகவும் வெளிப்படும் விதத்தையும் அறிந்தவர், புயல் எப்போது வளரும், எப்போது தளரும், தளர்ந்த பின்னும் எது மிஞ்சும் என்பவற்றைத் தாமே ஊகித்து, அதற்குத் தக்கபடி நிலத்து வேலைகளை வரிசைப்படுத்திக் கொள்ளலாம்.

நீராவியில் அடங்கிய உஷ்ணம்

வெல்லம் காய்ச்சுவோர் ஒரு விஷயத்தைக் கண்கூடாக அறிவர். கொப்பரையில் ஊற்றிய கரும்புச் சாறு கொதி நிலைக்கு வருவதற்குச் செலவாகும் சக்கை கொஞ்சமே. கொதி வந்த பிறகு சாற்றிலுள்ள நீர் வற்றிப் பாகு பதத்துக்கு வருவதற்குத்தான் எரிபொருளில் பெரும்பகுதி செலவாகிறது. அடுப்பு இடைவிடாமல் எரிந்தும், நீர் வற்றும் நேரத்தில் பெரும்பகுதியில் சாற்றின் சூடு அதிகமாக ஏறுவதில்லை. அப்படியானால் எரித்த உஷ்ணம் எங்கே போயிற்று? அது கொப்பரையிலிருந்து எழும் ஆவியோடு போயிற்று.

இதைக் கணக்காகவும் கூறலாம். 1 கிலோ நீரின் சூட்டை 1 டிகிரி (சென்டிகிரேடு) உயர்த்துவதற்கு வேண்டிய உஷ்ணத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியிலுள்ள நீரைக் கொதிக்கும் நிலையாகிய 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 பங்கு போதும். கொதிக்கும் அந்நீர் முழுவதையும் ஆவியாக்குவதற்கோ மேலும் 540 பங்கு வேண்டும். நீர் ஆவியாவதற்குக் கொதிக்கவேண்டும் என்பதில்லை. ஏரியிலும் கடலிலும் சாதாரணச் சூட்டிலேயே அது ஆவியாகிறது. அவ்வாறு 30 டிகிரிச் சூட்டில் ஆவியாகும்போது கிலோவுக்குச் சுமார் 580 பங்கு உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு செல்கிறது. புது மண்பானையில் ஊற்றிய நீர் குளிர்ந்துவிடுவதும் இக்காரணத்தாலேயே. பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டை எடுத்துச் சென்றுவிடுகிறது. ஆவியில் வெளிக்குத் தெரியாமல் அடங்கி நிற்கும் இவ்வுஷ்ணத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் இதைச் சோதனையால் அளந்து காட்டினார்.

உள்ளுறைந்த உஷ்ணம் அழிந்துபோவதில்லை. ஆவி மறுபடியும் நீராக மாறும்போது, எடுத்துக்கொண்ட உஷ்ணம் முழுவதையும் அவ்விடத்தில் விட்டுவிடுகிறது. நெல் அவிக்கும் முறையில் இதைக் காணலாம். அண்டாவின் அடியில் நீரை வைத்து, அந்நீர் தொடாதபடி மேலே நெல்லை வைத்து அவிக்கும்போது, ஆவி மேலே சென்று, குளிர்ந்த நெல்லின்மேல் பட்டு நீராகி, தான் கொண்டுவந்த உஷ்ணத்தை நெல்லுக்குக் கொடுத்து அதை வேகச் செய்கிறது. அடுப்பின் சூட்டை மேலே சுமந்து செல்லும் ஆள் நீராவியே. புயலிலும் இதே காரியம் நடைபெறுகிறது. அண்டாவின் அடி நீர் போன்றது கடல். மேலுள்ள நெல்லைப் போன்றது ஆகாயத்தின் உயர்ந்த பகுதி. இரண்டுக்கும் இடையே உஷ்ணத்தைச் சுமப்பது நீராவி. மேகத்தில் ஆவி நீராகும்போது வெளிப்படும் உஷ்ணமே புயல்களை நடத்துகிறது என்ற கொள்கையை அமெரிக்க தேசத்து ஜேம்ஸ் எஸ்பி என்பவர் 1841-ம் வருஷத்திலேயே ஒரு நூலாக எழுதி வெளியிட்டார்.

மேகத்தில் நிகழ்வது

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 17 கிராம் ஆவியையும், 30 டிகிரியில் சுமார் 30 கிராம் ஆவியையும் கொள்ளும். வெப்ப மண்டலக் கடலின்மேல் உள்ள காற்று இவ்விதம் ஆவியால் நிறைந்து கனிந்திருக்கிறது.

ஏதோ ஒரு காரணத்தால் இக்காற்று மேலே எழும்புமானால், மேலே அமுக்கம் குறைவாதலால் அது விரிந்து குளிர்கிறது. ஆவி நீராகாத வரையில், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 டிகிரி வீதம் அதன் சூடு இறங்கும். குளிர்ந்த காற்று முன்போல் ஆவியைத் தாங்கமாட்டாது. மிகுதியான ஆவி சிறு சிறு நீர்த்துளிகளாகி மேகமாகிறது. அக்கணமே உள்ளுறைந்த உஷ்ணம் வெளிப்பட்டு, மேகத்தினுள் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அதனால் மேற்கொண்டு எழும்பும்போது சூடு இறங்கும் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. சுற்றிலுமுள்ள காற்றைவிடச் சூடாகவும் இலேசாகவும் இருப்பதால் அது மேலும் மேலும் எழும்பி, சுமார் 15 கிலோமீட்டர் உயரம் வரையில் செல்கிறது.

இவ்வுஷ்ணத்தின் அளவை விவசாயிகள் தங்கள் நிலத்தைக் கொண்டே மதிப்பிடலாம். ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 40 டன். அந்நீர் மேகத்தில் ஆவியிலிருந்து நீராக மாறியபோது வெளிப்பட்ட உஷ்ணம், ஏறத்தாழ 6 டன் உலர்ந்த விறகை எரித்தால் உண்டாவதற்குச் சமம். 20 சென்டிமீட்டர் மழையானால் ஏக்கருக்கு 120 டன் விறகாகும். இவ்வளவு தீ எரிந்தும் கீழே இருப்பவர் உணராததற்குக் காரணம், அது தலைக்குமேல் பல கிலோமீட்டர் உயரத்தில், மேகத்தினுள் எரிவதுதான். ஒரு புயலோ பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு மழை பொழிகிறது. அதில் வெளிப்படும் மொத்த உஷ்ணத்தின் முன் மனிதர் நடத்தும் மின்சார நிலையங்கள் யாவும் சேர்ந்தாலும் அற்பமே. அம்மொத்தத்திலும் காற்றின் வேகமாக மாறுவது மிகச் சிறு பகுதி. சராசரிப் புயலொன்றுக்குக் கணக்கிட்டவர்கள் அதைச் சுமார் 400-ல் ஒரு பங்கு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தோப்புகளைச் சாய்க்கும் காற்று அவ்வொரு பங்கின் வேலையே.

எல்லா மழையிலும் இவ்வுஷ்ணம் வெளிப்படுகிறதே, எல்லா மழையும் ஏன் புயலாவதில்லை என்று கேட்கலாம். சித்திரை, வைகாசியில் மாலை வேளையில் பெய்யும் இடிமழையில், மேகத்துக்கு வேண்டிய ஆவி ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. விழும் மழையே கீழிருந்து எழும் காற்றைக் குளிரச் செய்து அடுப்பை அணைத்துவிடுகிறது. உஷ்ணமும் நாற்புறமும் சிதறிப்போகிறது. புயலிலோ உஷ்ணம் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கிறது. எரிபொருளும் கடலிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது.

தன்னைத் தானே வளர்க்கும் சுழல்

ஓரிடத்தில் மேகக்கூட்டம் பல நாள் நிலைத்து நின்று அங்குள்ள காற்றைச் சூடாக்கினால், அக்காற்று இலேசாகி, கடல்மட்டத்தில் அமுக்கம் குறைகிறது. இதுவே வானிலை அறிக்கைகளில் காற்றழுத்தத் தாழ்வு எனப்படுவது. பள்ளத்தை நோக்கி நீர் ஓடுவதுபோல் நாற்புறமிருந்தும் காற்று அத்தாழ்வை நோக்கி விரைகிறது. பூமி தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருப்பதால் அக்காற்று நேராகச் செல்லாமல் ஒரு புறமாக விலகிச் சுழலத் தொடங்குகிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே இச்சுழற்சி இடஞ்சுழியாகும். பாம்பு சுருண்டிருப்பதுபோன்ற இவ்வடிவைக் கருதியே, கல்கத்தாவிலிருந்து ஆராய்ச்சி செய்த ஹென்றி பிடிங்டன் என்பவர் 1848-ம் வருஷத்தில் வெளியிட்ட தமது நூலில், கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து 'சைக்ளோன்' என்னும் பெயரை ஆக்கி வழங்கினார்.

காற்று வேகமாக வீசினால் ஈரத் துணி சீக்கிரம் உலர்வதுபோல், சுழற்காற்று வலுக்க வலுக்கக் கடற்பரப்பிலிருந்து எழும் ஆவியும் மிகுதியாகிறது. ஆவி மிகுந்தால் மேகத்தில் வெளிப்படும் உஷ்ணம் மிகும். உஷ்ணம் மிகுந்தால் நடுவில் அமுக்கம் மேலும் குறையும். அமுக்கம் குறைந்தால் காற்று மேலும் வலுக்கும். துருத்தியால் ஊதும் உலையில், எழும் தீயே துருத்தியை இயக்கவும் செய்தால் எப்படியிருக்குமோ, அப்படியே புயல் கடலின்மேல் இருக்கும் வரையில் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. அடியில் சூடான கடல், உச்சியில் உறைபனியிலும் மிகக் குளிர்ந்த ஆகாயம், இரண்டுக்கும் இடையே உஷ்ணத்தைக் கொண்டு வேலை செய்தல் என்ற முறையில் பார்த்தால், புயலும் ஒரு நீராவி யந்திரமே.

காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போது இந்திய வானிலை இலாகா அதைப் புயல் என்று அறிவிக்கிறது. 89 கிலோமீட்டரிலிருந்து தீவிரப் புயல். 118 கிலோமீட்டரிலிருந்து மிகத் தீவிரப் புயல். நன்கு வளர்ந்த புயலின் நடுவில், மேலிருந்து காற்று இறங்குவதால் மேகமும் காற்றும் குறைந்த ஓர் இடம் ஏற்படுகிறது. இதைப் புயலின் கண் என்பர். இதன் அகலம் பெரும்பாலும் 30 முதல் 60 கிலோமீட்டர் வரை இருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவரிலேதான் காற்று மிகவும் உக்கிரமாக வீசும்.

புயல் வளர்வதற்கு வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து, புயல் எல்லாக் கடலிலும் எல்லாக் காலத்திலும் உண்டாகாததன் காரணம் விளங்கும். அதற்கு வேண்டிய நிபந்தனைகள் பின்வருமாறு:

1. கடல்மட்டத்து நீர் சுமார் 26.5 டிகிரிக்குக் குறையாத சூட்டோடு இருத்தல் வேண்டும். இச்சூடு மேற்பரப்பில் மாத்திரம் இருந்தால் போதாது. சுமார் 50 மீட்டர் ஆழம் வரையிலாவது இருத்தல் வேண்டும். இல்லாவிடில் புயற்காற்று கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து அடுப்பை அணைத்துவிடும்.

2. பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 5 டிகிரியாவது விலகியிருத்தல் வேண்டும். ரேகைக்கு அருகில் பூமியின் சுழற்சியால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் போதாது.

3. கீழ்க்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் வேகத்திலும் திசையிலும் அதிக வித்தியாசம் இருத்தலாகாது. இருந்தால் மேகத்தில் சேரும் உஷ்ணம் சிதறடிக்கப்படும்.

4. நடு ஆகாயமும் ஈரமாக இருத்தல் வேண்டும். வறண்ட காற்று உட்புகுந்தால் மேகத்துளிகள் மறுபடி ஆவியாகி, வெளிப்பட்ட உஷ்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

வங்காள விரிகுடாவில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் மூன்றாவது நிபந்தனை பொருந்துவதில்லை. கீழே மேல்காற்றும் உயரத்தில் கீழ்க்காற்றும் எதிரெதிராக வீசுகின்றன. ஆகையால் கடுமையான புயல்கள் பருவக்காற்றுக்கு முன் சித்திரை, வைகாசியிலும், அதற்குப் பின் ஐப்பசி முதல் மார்கழி வரையிலுமே பெரும்பாலும் தோன்றுகின்றன. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி முதலிய ஆறுகள் மழைக்காலம் முழுவதும் இவ்விரிகுடாவில் நன்னீரைக் கொட்டுகின்றன. நன்னீர் இலேசாதலால், விரிகுடாவின் வட பாகத்தில் அது உப்பு நீரின்மேல் மூடிபோல் பரவி நிற்கிறது. அம்மூடியைக் கலக்கி அடியிலுள்ள குளிர்ந்த நீரைக் கொண்டுவருவது புயலுக்கு எளிதன்று. புயல் தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும் வாய்ப்பு இவ்வாறு குறைந்துவிடுகிறது.

கரையேறிய பின் நிகழ்வது

புயல் நிலத்தின்மேல் வந்ததும் கடலிலிருந்து கிடைத்த ஆவி நின்றுபோகிறது. விறகு தீர்ந்த அடுப்பின் நிலை அதற்கு ஏற்படுகிறது. மரங்களும் மேடுபள்ளங்களும் காற்றைத் தடுப்பதும் உண்டாயினும், பலம் குன்றுவதற்கு முதற் காரணம் எரிபொருள் அற்றுப்போவதே. கரையில் கோர தாண்டவம் செய்த புயல், ஒரு நாளைக்குள் வெறுங் காற்றழுத்தத் தாழ்வாக மெலிந்துவிடுவதைப் பெரும்பாலும் காணலாம். எனினும் தீவிரமான புயல் முற்றும் தளர்வதற்குச் சில மணி நேரம் செல்லும். அதற்குள் அது நூறு கிலோமீட்டருக்கு மேலும் உட்சென்றுவிடலாம். கடலுக்கு வெகுதூரத்திலுள்ள கிராமங்கள் தங்களுக்குப் பயமில்லை என்றிருத்தல் தகாது. கஜாப் புயலும் கரையோடு நின்றுவிடாமல் புதுக்கோட்டை வட்டாரத்துத் தோப்புகளையும் அழித்து, மேற்கே சென்று, கேரளத்தைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கிற்று.

காற்று தளர்ந்த பின்னும் மழை மிஞ்சுகிறது. புயல் தன்னுடன் கொண்டுவந்த ஆவி அதற்குள் பெய்து தீர்வதில்லை. சுழல் கடற்கரைக்கு அருகிலேயே தங்கிவிட்டால், ஒரு பக்கத்துக் காற்று கடலிலிருந்து ஆவியைத் தொடர்ந்து கொண்டுவந்து நிலத்தின்மேல் பெய்யும். 2008-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் காரைக்கால் அருகே கரையேறிய நிஷா என்னும் புயல் காற்றின் வேகத்தில் சாதாரணப் புயல் என்ற தரத்துக்கு மேற்படவில்லை. ஆயினும் அதன் மழை ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாகி, டெல்டாப் பயிர்களை மூழ்கடித்தது. அதே வட்டாரத்தில் பத்து வருஷத்துக்குப் பின் வந்த கஜாவின் பெருஞ் சேதம் காற்றினால் ஆயிற்று. காற்றின் வேகம் அமுக்கத் தாழ்வின் ஆழத்தைப் பொறுத்தது. மழையின் அளவு ஆவி வந்து சேரும் வழியையும், புயல் ஓரிடத்தில் தங்கும் நேரத்தையும் பொறுத்தது. ஆதலால் அறிக்கையில் சாதாரணப் புயல் என்றிருப்பதைக் கண்டு வடிகால் வேலையை அசட்டை செய்தல் பெருந் தவறாகும்.

மூன்றாவது ஆபத்து கடல் பெருக்கு. நடுவில் அமுக்கம் குறைவதால் கடல்மட்டம் சிறிது உயர்வதும் உண்டு. ஆயினும் பெரும்பகுதி, காற்று நீரைக் கரைமேல் தள்ளுவதால் உண்டாவதே. இடஞ்சுழியாக வீசும் காற்று, மேற்கு நோக்கி வரும் புயலின் வட பக்கத்தில் கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது. ஆகையால் கீழைக் கரையில் புயல் ஏறும் இடத்துக்கு வடக்கே உள்ள தாழ்ந்த ஊர்களுக்கே பெருக்கின் பயம் அதிகம். 1977-ம் வருஷம் நவம்பர் மாதம் 19-ந் தேதி ஆந்திர தேசத்தில், கிருஷ்ணா நதியின் முகத்துவாரத்தில் உள்ள திவி தாலூகாவில் ஏறிய கடல் பெருக்கு ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்டது. உப்பு நீர் நின்ற நிலங்கள் பிறகு நன்னீரால் அலசப்படும் வரையில் நெல்லுக்குத் தகுதியாவதில்லை.

கடலின் சூடு ஏறிவருவது

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு நீர் சூடேறி வருவதை அளவைகள் காட்டுகின்றன. காற்றின் சூடு 1 டிகிரி ஏறினால் அது கொள்ளும் ஆவி சுமார் 100-க்கு 7 வீதம் கூடும். விறகு கூடினால் தீ வலுக்கும் என்பதற்கு விரிவுரை வேண்டுவதில்லை. புயல்களின் எண்ணிக்கை கூடாவிட்டாலும், தோன்றும் புயல்களில் கடுமையானவற்றின் விகிதமும் அவற்றால் பெய்யும் மழையும் மிகும் என்பது உலகத்து வானிலை நிபுணர்களின் முடிவு. ஆகவே, முன் தலைமுறையில் கண்ட வெள்ளத்தின் அளவுக்கு வெட்டிய வடிகால்கள் இனிமேலும் போதும் என்று நம்பியிருப்பது விவேகமாகாது.

விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

வானிலை இலாகா புயலைப் பற்றி நான்கு படிகளில் அறிவிப்பு வெளியிடுகிறது. முதலாவது, தாழ்வு தோன்றியதும் வரும் முன்னறிவிப்பு. இரண்டாவது, மோசமான நிலை தொடங்குவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் வரும் உஷார் அறிவிப்பு. மூன்றாவது, 24 மணி நேரத்துக்கு முன் வரும் எச்சரிக்கை. நான்காவது, கரையேறுவதற்கு 12 மணி நேரத்துக்கு முன் வெளியாகி, உள்நாட்டில் நேரக்கூடியதைத் தெரிவிப்பது. வேலைகளையும் இப்படிகளுக்கு ஏற்ப வகுத்துக்கொள்வது நலம்.

உஷார் அறிவிப்பு வந்தவுடன்: அறுவடைக்கு முற்றிய நெல்லைத் தாமதியாமல் அறுத்து மேட்டில் சேர்க்கவும். வடிகால் வாய்க்கால்களில் அடைந்திருக்கும் ஆகாயத் தாமரை, காட்டாமணக்கு முதலியவற்றை அகற்றி, நீர் ஓடும் வழியைத் திறந்து வைக்கவும். ஒருவர் வயலின் வடிகால் அடுத்தவர் வயல் வழியே செல்வதால் இவ்வேலை ஊரார் சேர்ந்து செய்தாலன்றிப் பயன்படாது. கிராம அதிகாரிகள் முன்நின்று இதை நடத்துதல் வேண்டும். வயலுக்கு உரமிடுவதையும் மருந்து தெளிப்பதையும் நிறுத்தி வைக்கவும். மழையில் யாவும் அடித்துச் செல்லப்படும். தென்னையில் முற்றிய குலைகளையும் அடி மட்டைகளையும் இறக்கிவிட்டால் காற்று பிடிக்கும் பரப்பும் தலைப்பாரமும் குறையும். வாழைக்கு முட்டுக் கொடுத்துக் கீழ் இலைகளைக் கழிக்கவும். கரும்பில் சோகை உரித்து விட்டம் கட்டவும்.

எச்சரிக்கை வந்தபின்: கால்நடைகளை மேடான இடத்துக்கு ஓட்டவும், அங்கும் கயிற்றால் கட்டிவைக்கலாகாது. விதை நெல், பட்டா முதலிய பத்திரங்கள், பம்பு மோட்டார் இவற்றை நீர் எட்டாத இடத்தில் சேர்க்கவும். கூரை வீட்டிலும் தாழ்ந்த குப்பங்களிலும் வசிப்போரைப் பகல் வெளிச்சம் இருக்கும்போதே புகலிடங்களுக்கு அனுப்பவும். 1999-ம் வருஷம் அக்டோபர் மாதம் 29-ந் தேதி ஒரிஸ்ஸாவில் ஏறிய பெரும் புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். அதே கரையில் 2013-ம் வருஷம் அக்டோபர் மாதம் 12-ந் தேதி கோபால்பூர் அருகே ஏறிய பைலின் என்னும் கடும் புயலின்போது, சுமார் 10 லட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டதால் உயிர்ச்சேதம் ஐம்பதுக்கு மேற்படவில்லை. அறிவிப்பை நம்பி வேளையோடு நடந்ததன் பலன் இது.

காற்று வீசும்போது: காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் நடுப்பகுதி இடக்கைப் பக்கத்தில் இருக்கும் என்பது ஹாலந்து தேசத்து பைஸ் பாலட் என்பவர் 1857-ம் வருஷத்தில் வகுத்த விதி. மேற்கு நோக்கி வரும் புயலின் கண் நேரே ஓர் ஊரைக் கடந்தால், அங்கே முதலில் வடக்கிலிருந்து காற்று அடித்து, பிறகு திடீரென ஓய்ந்து, சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து அதே வேகத்தோடு திரும்ப அடிக்கும். ஓய்ந்த இடைவேளையில் வீழ்ந்த மரத்தைப் பார்க்கவும் மாட்டை அவிழ்க்கவும் வெளியே வந்தவர்கள் உயிரிழந்ததுண்டு. வடகாற்றில் வேர் அசைந்த மரங்கள் தென்காற்றில் சாயும். ஆகையால் புயல் கடந்துவிட்டது என்று வானிலை இலாகா அறிவிக்கும் வரையில் ஒருவரையும் வெளியே விடலாகாது.

காற்று அடங்கிய பின்: மழை மிஞ்சியிருக்கும் என்பதை மறவாமல், முதல் வேலையாக வடிகாலைக் கவனிக்கவும். ஏரிக் கரைகளையும் மதகுகளையும் இரவும் பகலும் காவல் செய்யவும். நீர் வடிந்து பயிர் தலை நிமிர்ந்த பிறகே மேலுரம் இடவும். சாய்ந்த தென்னங்கன்றுகளை வேர் உலருமுன் நிமிர்த்தி மண் அணைக்கவும். சேதத்தைக் கணக்கெடுக்கும் அதிகாரிகள் பயிர்வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் உடனே குறித்துக்கொள்ளுதல் நலம்; நீர் வடிந்தபின் அழுகிய நாற்றின் அடையாளமும் மறைந்துவிடும். பயிர் இன்ஷூரன்ஸ் செய்வோர், புயல் எழுந்தபின் ஓடாமல், குறித்த காலவரைக்குள் அதை முடித்துக்கொள்ள வேண்டும்.

கடல் தரும் உஷ்ணத்தைத் தடுக்கவோ, புயலைத் திருப்பவோ மனிதரால் இயலாது. எனினும் அவ்வுஷ்ணம் ஒரே நாளில் சேர்வதன்று. கடலின்மேல் பல நாள் வளர்ந்தே புயல் கரைக்கு வருகிறது. அந்நாட்களே விவசாயிக்குக் கிடைக்கும் அவகாசம். அதை ஊர் ஒற்றுமையோடு பயன்படுத்திக்கொண்ட கிராமத்தில் காற்று சில மரங்களைச் சாய்த்தாலும், வயலில் நின்ற வெள்ளம் வடிந்து சம்பா பிழைக்கும்; உயிர்ச்சேதமும் நேராது.